குண்டு நிற்கும் இடம்

துவக்குக்குப் பயந்து ஓடிவந்த குடும்பத்தில்
துவக்கு வாங்கியவன் நான்.
அம்மா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை.
பிறகு நான் கொண்டுவந்த மான் இறைச்சியை
மிளகு போட்டுப் பிரட்டித் தந்தாள்.
தான் தொடவில்லை.

வேட்டைப் பரீட்சையில் கேட்டார்கள்:
சுடுமுன் எதைப் பார்ப்பாய்?
மிருகத்தை என்றேன். பிழை.
மிருகத்துக்குப் பின்னால் இருப்பதை.
மண்மேடா, பாறையா, புல் அறுக்கிற ஆளா,
குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல்
விரல் அசையக் கூடாது.
இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன்.

போன செப்டம்பர்,
லும்னேத்சியா பள்ளத்தாக்குக்கு மேலே
வேட்டைக் குடிலில் ஆறு பேர்.
அடுப்படியில் ஈரச் சப்பாத்துகள் நாறின.
டூரி போத்தலை வைத்துவிட்டுச் சொன்னான்:
'மனிசி வக்கீலிடம் போகிறாளாம். போகட்டும்.
கலைமானுக்குத்தான் அனுமதிச் சீட்டு வேணும்,
அவளுக்கு என்னத்துக்கு?'

சிரித்தோம்.
ஐந்து சிரிப்பு.
அதில் ஒன்று என்னுடையது.

பெப்ரவரியில் செராய்னாவைச் சுட்டான்,
சமையலறையில், நாங்கள் எல்லோரும் வாங்குகிற
அதே கடைத் தோட்டாவால்.
குண்டு அவளோடு நிற்கவில்லை.
சுவரில், மகளின் நேரசூசி தொங்கிய ஆணிக்கு
ஒரு சாண் மேலே போய்ப் புதைந்தது.
பொலிசார் நாடா பிடித்து அளந்தார்கள்,
அடுப்பிலிருந்து சுவர் வரைக்கும்.
மற்றப் பக்கம் அளந்திருந்தால்
நாடா மலையேறி
எங்கள் குடில் வரை வந்திருக்கும்.

மான் விழுந்தால் தொப்பியைக் கழற்றுவோம்.
தேவதாருக் கொப்பு ஒன்று முறித்து
அதன் வாயில் வைப்போம், கடைசிக் கவளமாக.
செராய்னாவின் மலர்வளையத்தில்
சங்கத்தின் பெயரைப் போடுவதா என்று
இருபது நிமிடம் பேசினோம்.
போடவில்லை.

ஜூன் மாதக் கூட்டம்.
தலைவர் கியோன் காத்ரூவி எழுந்தார்.
'அது குடும்ப விசயம். ஒருத்தனின் விசருக்கு
முப்பத்தொரு பேரும் தலைகுனிய வேண்டாம்.'
கைதட்டினார்கள்.
அடுத்தது, காட்டில் வைக்கிற உப்புக்கட்டிக்கான செலவு.

நான் எழும்பினேன்.
முழங்கால் இரண்டும் எழும்ப மறுத்தன.

'பால் கொடுக்கிற பெட்டையைத் தவறிச் சுட்டால்
ஒருத்தரும் காணாவிட்டாலும்
நாமே போய்ச் சொல்கிறோம்.
உடலை ஒப்படைத்து, தண்டம் கட்டி,
தலைநிமிர்ந்து வருகிறோம்.
அதனால் சொல்கிறேன்.
குடிலில் நான் சிரித்தேன்.
அன்றைக்கே அவன் பெட்டிச் சாவியைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
எழுதிக்கொள்ளுங்கள்.'

செயலாளர் பேனையை எடுத்தார். வைத்தார்.
பின்வரிசையில் ஒரு குரல்:
'உன் நாட்டு யுத்தத்தை இங்கே கொண்டுவராதே.'
என் நாடு.
நான் பிறந்தது இலான்ஸ் ஆஸ்பத்திரியில்,
இந்த மண்டபத்திலிருந்து பதினெட்டு கிலோமீற்றர்.

உப்புக்கட்டிச் செலவு ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே, கார்கள் நிற்கிற இடத்தில் ஃப்ளுரின் காத்திருந்தான்.
அந்த ஐந்தில் அவனும் ஒன்று.
துவக்குப் பெட்டிச் சாவியை
என் சட்டைப்பைக்குள் போட்டான்.
'போன கிழமை மகனுக்கு அடித்துவிட்டேன்' என்றான்,
என்னைப் பார்க்காமல்.
'காது கிழிந்துவிட்டது.'
காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

என் சாவியை உர்சினா காடுஃப்பிடம் கொடுத்தேன்,
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
மற்ற இருபத்தொன்பது சாவிகளும்
இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

வேட்டை திறக்கிற நாள், விடிய நாலு மணி.
உர்சினாவின் கதவைத் தட்டுகிறேன்.
இரவுச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு
வந்து வாசல் விளக்கைப் போடுகிறாள்.
சாவி அவள் கைக்குள்.
உடனே தரவில்லை.
என்னைப் பார்க்கிறாள்.
மேலே இருட்டில் கலைமான் ஒன்று கத்துகிறது.
குளிர் பல்லைக் கிட்டுகிறது.
நான் அசையவில்லை.
அவள் பார்த்து முடிக்கட்டும்.